கிரைண்டருக்கு எங்கே பாயிண்ட்?

சமையலறை அமைப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் சமையல் மேடை உயரம் 34 அங்குலம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டீர்கள். என் அம்மா ஐந்தடிக்கும் குறைவு. அந்த உயரத்தில் சப்பாத்தி தேய்க்கத் தோளைத் தூக்க வேண்டியிருக்கிறது. சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே சுவரில் கோடு போட்டுவிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் போன வருஷம் கிரானைட் போட்டு, டைல்ஸ் ஒட்டி எல்லாம் முடிந்த பிறகுதான் கிரைண்டர் ஞாபகம் வந்தது. பிளக் பாயிண்ட் இருந்ததோ அடுப்புக்கு அந்தப் பக்கம்! புது டைல்ஸை உடைத்துத்தான் ஒயர் இழுத்தோம். மைக்ரோவேவ், ஓவன் வைப்பதாக இருந்தால் 16 ஆம்பியர் பாயிண்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலமாரிக் கதவு நிறமெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சிங்க் அடியில் மட்டும் சாதாரண பிளைவுட் வேண்டாம், ஊறி உப்பிவிடும்.