பாசி உறையாமல் இருந்ததா?

"1,500 ஆண்டு பனியில் கிடந்தும் அண்டார்டிகா பாசி உயிரோடு வந்தது, அதனிடம் உறைதடுப்பு மரபணு இருப்பதால் அது உறைவதே இல்லை" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறார்கள். (இங்கே பாசி என்பது நீர்ப்பாசி அல்ல, மாஸ் (moss) எனும் சிறு நிலத்தாவரம்.) முதல் பாதி சரி. அண்டார்டிகாவின் சிக்னி தீவில் ஒரு மீட்டருக்கும் கீழே, நிலையாக உறைந்த பாசிப் படுகையிலிருந்து வெட்டி எடுத்த துண்டில் சில வாரங்களில் பச்சைத் தளிர் விட்டதை 2014இல் வெளியிட்டார்கள். மறுபாதிதான் தவறு.

பாசி நன்றாகவே உறைகிறது. பனிக்கட்டி செல்லுக்கு வெளியே உருவாகி, உள்ளே இருக்கும் நீரை இழுத்துக்கொள்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. ஆகவே குளிரைத் தாங்குவது என்பது பெரும்பாலும் வறட்சியைத் தாங்குவதுதான். இதை ஒற்றை மரபணு செய்வதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் ஏறியதும் பல மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன: சில, செல்லில் சர்க்கரையைச் சேர்க்கின்றன, சில, 'லீ' (LEA) எனப்படும் காப்புப் புரதங்களை உண்டாக்கிச் சவ்வுகளையும் மற்றப் புரதங்களையும் காக்கின்றன. இந்த 'லீ' புரதங்கள் துருவத்துக்கே உரிய அதிசயமும் அல்ல. முதலில் இவற்றைக் கண்டது பருத்தி விதையில்! பூக்கும் தாவரங்கள் பெரும்பாலும் விதைக்கென்று வைத்திருக்கும் காப்பைப் பாசி தன் இலையிலேயே பயன்படுத்துகிறது.

பனிக்கட்டியைப் பற்றும் புரதம் அண்டார்டிகாவின் பிரையம் ஆர்ஜென்டியம் (Bryum argenteum) என்ற பாசியில் கிடைத்தது உண்மை. ஆனால் 2016இல் வெளியான ஆய்வின்படி, அதைச் சுரப்பவை பாசியின் மேல் வாழும் பாக்டீரியாக்கள். பாசியின் மரபணுவுக்கு அந்தப் பெருமை போய்ச் சேராது.