36 மாதம் விடாமல் ரீசார்ஜ் செய்தால்தான் ஏர்டெல் கேஷ்பேக் என்றிருந்தது
மொபைல் சேவை நிறுவனத்தின் கேஷ்பேக்கில் வாங்கினால் போன் விலை பாதியாகிவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. போன் வாங்குவோருக்கு 2021-ல் ஏர்டெல் அறிவித்த 6,000 ரூபாய் கேஷ்பேக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் பில் போடும்போது அது கழியவில்லை. 36 மாதம் விடாமல் 249 ரூபாய்க்கோ அதற்கு மேலோ ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. 18 மாதம் முடிந்தால் 2,000, முழுதாக முடிந்தால் மீதி 4,000. அதுவும் 28 நாள் பேக் என்றால் வருடத்துக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ். மூன்று வருடத்தில் 39 முறை, 9,711 ரூபாய்! எப்படியும் அந்த பேக் போடுகிறவருக்கு லாபம்தான், மறுக்கவில்லை. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், நம்பரை மாற்றாமல் இருந்தால் போதும் என்கிறார். போதாது, ரீசார்ஜும் தவறக் கூடாது. போன வருடம் அம்மாவுக்குப் போன் வாங்க எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு முழுக்க அலைந்தேன். பழைய போனை எக்ஸ்சேஞ்ச் கொடுத்து, கார்டு தள்ளுபடியும் சேர்த்ததில் பில்லிலேயே 3,500 ரூபாய் குறைந்தது. அப்புறம் அம்மா ஊருக்குப் போய் இரண்டு மாதம் ரீசார்ஜே செய்யவில்லை. அப்படியொரு திட்டத்தில் சேர்த்திருந்தால் கேஷ்பேக் பணம் அங்கேயே கைவிட்டுப் போயிருக்கும்.