ஐஃப்ரேமுக்கு உயரம் சொல்லி மாளவில்லை

வலைப்பக்கத்தில் படம் தன் அளவைத் தானே தெரிந்துகொள்கிறது. டேபிள் தானாக நீள்கிறது. பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் இந்த ஐஃப்ரேம் மட்டும், நாம் அளவு சொல்லாவிட்டால் 300க்கு 150 பிக்சலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். உள்ளே முழு நீளப் படிவம், வெளியே ஒரு ஸ்க்ரோல்பார்.

இரண்டு பக்கமும் ஒரே ஆரிஜின் (அதே புரோட்டோகால், டொமைன், போர்ட்) என்றால், லோட் ஆனதும் உள்ளே எட்டிப் பார்த்து உயரத்தை எடுத்துவிடலாம். வேறு டொமைனா, பிரவுசர் கதவைச் சாத்திவிடும். பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் பக்கம் ரீசைஸ்அப்சர்வர் (அளவு மாறினால் சொல்லும் பிரவுசர் வசதி) வைத்து அளந்து, போஸ்ட்மெசேஜில் (பக்கங்களுக்கு இடையே செய்தி அனுப்பும் வழி) அனுப்பினால்தான் உண்டு. அந்தப் பக்கம் நம் கையில் இல்லையென்றால் அதுவும் போச்சு.

அளப்பதிலும் வம்பு. ஸ்க்ரோல்ஹைட் (உள்ளே ஸ்க்ரோல் செய்யக்கூடிய மொத்த உயரம்) ஃப்ரேமின் உயரத்துக்குக் கீழே இறங்கவே இறங்காது. படிவத்தில் ஒரு பகுதியை மூடினால் ஃப்ரேம் சுருங்காமல் அடியில் வெள்ளையாக இளிக்கும். பாடியின் ஆஃப்செட்ஹைட்டை (எலிமென்டின் சொந்த உயரம்) எடுத்தால் அதன் மார்ஜின் (வெளி இடைவெளி) விட்டுப்போகும். ஹெச்டிஎம்எல் எலிமென்டின் ஆஃப்செட்ஹைட்தான் ஓரளவு சரி. அதுவும் அப்சல்யூட்டாக, அதாவது மற்றவற்றின் வரிசையில் சேராமல் தனியாக நிற்கும் பாப்பப்பைக் கணக்கில் சேர்க்காது.

உள்ளே எவராவது 100விஹெச் (ஃப்ரேமின் முழு உயரம்) போட்டு, கூடவே பேடிங்கும் (உள் இடைவெளி) வைத்திருந்தால் தீர்ந்தது. ஃப்ரேம் வளர, உள்ளடக்கம் வளர, மறுபடி ஃப்ரேம் வளர... அடி தெரியாமல் ஓடும்.

வரும் செய்தியின் ஆரிஜினைச் சரிபார்க்காமல் உயரத்தை மாற்றும் கோட் வேறு எங்கு பார்த்தாலும் கிடக்கிறது. பக்கத்தில் மூன்று ஃப்ரேம் இருந்தால் ஈவென்டின் சோர்ஸையும் (செய்தி எந்த ஃப்ரேமிலிருந்து வந்தது என்பதை) பாருங்கள் சாமி, இல்லையென்றால் ஒன்றின் உயரம் இன்னொன்றுக்குப் போய்ச் சேரும்.