ஒப்புக்கொண்டால் வழக்கு மறைந்துவிடாது

"கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு சரி, பதிவே இருக்காது, மறுத்தால் பொய் சொன்னதாக இன்னொரு வழக்கு பாயும்" என்று சேலம், ஏற்காடு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

ஒப்புதலை ஏற்று நடுவர் (மாஜிஸ்திரேட்) அபராதம் விதித்தாலும் அது குற்றத்தீர்ப்புதான். அதன்பின் மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் மட்டுமே கேள்வி கேட்க முடியும். வேலை விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா?' என்ற கட்டத்தை நிரப்பும்போதுதான் வம்பு தெரியும்.

மறுப்பது பொய்யல்ல, 'நிரூபியுங்கள்' என்று அரசுத் தரப்பைக் கேட்பது. 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று நடுவர் கேட்கும் கேள்விக்குச் சத்தியப்பிரமாணமும் கிடையாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023, பிரிவுகள் 275, 416 ஆகியவற்றில் சரிபார்க்கலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.