ஆறின் பக்கத்தில் நிற்பதெல்லாம் பகா எண்ணா?

“6-ன் மடங்கோடு ஒன்றைக் கூட்டினாலோ கழித்தாலோ வருவது கட்டாயம் பகா எண். 1 என்ற எண்ணும் பகா எண்ணே.” தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தியின் இரண்டு வரிகளும் தவறு.

24-உடன் ஒன்றைக் கூட்டினால் 25. அது 5 × 5. அவ்வளவு தொலைவு போவானேன், திருவொற்றியூர் அஞ்சல் குறியீட்டையே பாருங்கள்: 600019. 6-ன் மடங்கான 600018-க்கு அடுத்த எண்தான். ஆனாலும் 7 × 85717 என்று பிரிந்துவிடுகிறது. 100-க்குள்ளேயே 25, 35, 49, 55, 65, 77, 85, 91, 95 என ஒன்பது எண்கள் இந்த விதியைப் பொய்யாக்குகின்றன. இவற்றில் 91 பெரிய ஏமாற்றுக்காரன். பார்த்தால் பகா எண் போலிருக்கும், உண்மையில் 7 × 13.

செய்தியை எழுதியவர் ஓர் உண்மையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். 3-ஐவிடப் பெரிய பகா எண்கள் எல்லாமே 6-ன் மடங்குக்கு முன்னோ பின்னோதான் வரும். மற்ற இடங்களில் நிற்பவை 2-ஆலோ 3-ஆலோ வகுபடும். அதற்காக அங்கே நிற்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது.

1-க்கு ஒரே வகுத்திதான். பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு வேண்டும்: 1, பிறகு அந்த எண். 1-ஐச் சேர்த்தால் 6-ஐ 2 × 3, 1 × 2 × 3, 1 × 1 × 2 × 3 என்று முடிவில்லாமல் எழுதலாம். ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே வழிதான் என்ற தேற்றமே உடைந்துவிடும்.

100-க்குட்பட்ட எண்ணைச் சோதிக்கக் குறுக்குவழியே தேவையில்லை. 2, 3, 5, 7 ஆகியவற்றால் வகுத்துப் பார்த்தால் போதும்.