ஒரே அட்சரேகை என்றால் ஒரே குளிர் இல்லை

"ஒரே அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்குக் குளிர்காலமும் ஏறக்குறைய ஒன்றுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. பிரான்சின் மார்செய், ரஷ்யாவின் விளாடிவோஸ்டோக் இரண்டுமே சுமார் 43 பாகை வடக்கில் இருக்கின்றன, இரண்டுமே கடலோர ஊர்கள். ஜனவரி சராசரி மார்செய்யில் 7 டிகிரி செல்சியஸ் அளவு. விளாடிவோஸ்டோக்கில் மைனஸ் 12 பக்கம். அங்கே விரிகுடா உறைந்து, ஆட்கள் பனிக்கட்டியில் துளை போட்டு உட்கார்ந்து மீன் பிடிக்கிறார்கள்.

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் சைபீரியாவுக்கு மேல் பெரிய உயரழுத்தம், அதாவது காற்றழுத்தம் மிகுந்த பகுதி, உருவாகிறது. அங்கிருந்து கிளம்பும் வறண்ட குளிர்காற்று விளாடிவோஸ்டோக்கைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. பக்கத்தில் கடல் இருந்தும் பயனில்லை! மேற்கு ஐரோப்பாவிலோ காற்று பெரும்பாலும் அட்லாண்டிக் கடலின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே இருக்கும் நார்வேயின் டிரோம்சோ துறைமுகம் குளிர்காலத்திலும் உறையாமல் இருப்பது, அந்தக் காற்றோடு வெதுவெதுப்பான கடல் நீரோட்டமும் சேர்வதால்தான்.

பகல் எவ்வளவு நேரம் என்பதற்கு மட்டும் அட்சரேகை போதும். அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி.