கையெழுத்துப் போட்டால் சட்டம் ஆகிவிடாது, அண்ணா

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் நடந்ததை இங்கே பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு அன்று ராத்திரிக்குள் கதை வந்து சேர்ந்திருக்கும். அதனால் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அண்ணனின் பெயரையும் எழுத மாட்டேன். நாங்கள் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து டாலஸுக்கு வந்த புதிதில் கட்டில், மெத்தை வரை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் புளிசாதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதற்கு அங்கேயே பதில் சொல்ல முடியவில்லை. விசேஷ வீடு. இரண்டு நாளாகத் தூக்கம் பிடிக்கவில்லை, எழுதிவிடுகிறேன். இங்கே பிறக்கும் குழந்தைகளின் குடியுரிமையைப் பற்றி ட்ரம்ப் போட்ட ஆணையை ஒரு நீதிபதி நிறுத்தியதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் கேட்டது இது:

"7 கோடியே 70 லட்சம் பேர் ஓட்டுப் போட்டு உட்கார வச்ச ஜனாதிபதி கையெழுத்துப் போட்டா அது சட்டம். நியூ ஹாம்ப்ஷயர்ல உட்கார்ந்திருக்கிற எவனோ ஒரு ஜட்ஜ் அதை நிறுத்த யாரு?"

இல்லை அண்ணா. கையெழுத்துப் போட்டால் அது சட்டம் ஆகிவிடாது.

ஜனாதிபதி போடுவது நிர்வாக ஆணை. தனக்குக் கீழே வேலை செய்கிற துறைகளுக்கு, ஏற்கெனவே இருக்கிற சட்டத்துக்குள் நின்று, இதை இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லும் உத்தரவு. சட்டம் போடுவது காங்கிரஸின், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றத்தின், வேலை. அரசமைப்பையே மாற்ற வேண்டுமென்றால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அதற்கு மேல் 50 மாநிலங்களில் 38 ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மண்ணில் பிறந்த குழந்தை இந்த நாட்டுக் குடிமகன் என்று சொல்வது 1868இல் வந்த 14ஆவது திருத்தம். அம்மா தற்காலிக விசாவில் இருந்து, அப்பாவும் சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லாவிட்டால் குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று 2025 ஜனவரி 20ஆம் தேதி ஒரு பேனா சொன்னது. அந்தப் பேனாவுக்கு அவ்வளவு நீளம் இருக்கிறதா என்பதுதான் வழக்கு. இதைக் கேட்பது தேசத்துரோகமா?

இது இன்றைக்கு யாரோ கிளப்பிவிட்ட சண்டையும் இல்லை. வோங் கிம் ஆர்க் என்று ஒருவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் வேலை பார்த்தவர். சீனாவுக்குப் போய்விட்டு 1895இல் கப்பலில் திரும்பியபோது, நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சுங்க அதிகாரி இறங்க விடவில்லை. முதலில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது யார் தெரியுமா? இதே போல ஒரு ஃபெடரல் மாவட்ட நீதிபதி. அப்புறம் 1898இல் உச்ச நீதிமன்றமும் 6க்கு 2 என்று அதையே சொன்னது. ஒரு சமையல்காரர் அன்று நீதிமன்றப் படி ஏறியதால்தான் அண்ணா, உங்கள் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே சிட்டிசன் ஆனார்கள். அப்போது நீங்கள் எச்-1பி வேலை விசாவிலும், அண்ணி அதோடு துணைக்கு வரும் எச்-4 விசாவிலும்தானே இருந்தீர்கள்?

"ஜட்ஜுக்கு யாரு ஓட்டுப் போட்டா?" என்று அடுத்த கேள்வி வரும். யாரும் போடவில்லை. ஜனாதிபதி நியமிக்கிறார், செனட் ஒப்புக்கொள்கிறது, ஒழுங்காக நடந்துகொள்ளும் வரை ஆயுள் பதவி. ஓட்டுக்கும் அடுத்த பதவிக்கும் பயப்படாமல் தீர்ப்பு எழுத வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். இந்த ஆணையை முதலில், மூன்றே நாளில் நிறுத்திய சியாட்டில் நீதிபதி ஜான் கொஹெனவர் ரீகன் நியமித்தவர். 2025 ஜூலையில் நிறுத்திய நியூ ஹாம்ப்ஷயர் நீதிபதி ஜோசப் லப்லான்ட் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். ரீகன், புஷ் இரண்டு பேருமே ட்ரம்ப்பின் ரிபப்ளிகன் கட்சி ஜனாதிபதிகள். எந்தக் கட்சி கொண்டுவந்து உட்கார வைத்தது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் இல்லையா?

1952இல் என்ன நடந்தது? கொரியப் போர் நடக்கிறது, எஃகு ஆலைகளில் வேலைநிறுத்தம் வரப் போகிறது. போருக்கு எஃகு வேண்டும் என்று அப்போதைய ஜனாதிபதி ட்ரூமன் ஒரு கையெழுத்தில் ஆலைகளை அரசின் கைக்கு எடுத்தார். மாவட்ட நீதிபதி டேவிட் பைன் அதை நிறுத்தினார். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அன்று அங்கே இருந்த 9 பேருமே ரூஸ்வெல்ட்டோ ட்ரூமனோ நியமித்தவர்கள். 6க்கு 3, ட்ரூமன் தோற்றார். எதிராக ஓட்டளித்தவர்களில் ஒருவர் டாம் கிளார்க். ட்ரூமனின் அமைச்சரவையிலேயே அட்டர்னி ஜெனரலாக இருந்து, அவராலேயே நீதிபதி ஆக்கப்பட்டவர். ட்ரூமன் கோபப்பட்டார், ஆனால் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். போர்க்காலத்திலேயே கையெழுத்து சட்டம் ஆகவில்லை.

சரி, இவ்வளவு பின்னால் போக வேண்டாம். 2020 அக்டோபர் நினைவிருக்கிறதா அண்ணா? எச்-1பிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளத்தை ஒரே நாளில் உயர்த்தினார்கள். ஓர் ஊரில் ஒரு வேலைக்கு 100 பேர் வாங்கும் சம்பளத்தைக் கீழிருந்து வரிசையாக வைத்தால், தொடக்கநிலைக்கு 17ஆவது இடத்தில் இருந்த கோட்டை 45ஆவது இடத்துக்கு மாற்றினார்கள். முன்கூட்டி அறிவிப்பு இல்லை, யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, வெளியிட்ட அன்றே அமல். அவ்வளவு கொடுத்து கம்பெனிகள் நம்மை வைத்துக்கொள்ளுமா என்று நம் குழுவில் எத்தனை பேர் அழுதோம்? டிசம்பர் 1ஆம் தேதி கலிஃபோர்னியாவில் ஜெஃப்ரி வைட் என்ற மாவட்ட நீதிபதி அதை ரத்து செய்தார். கொரோனாவால் வேலைகள் போனது மார்ச்சில், அக்டோபர் வரை காத்திருந்துவிட்டு இப்போது அவசரம் என்று சொல்லி மக்களைக் கேட்காமல் இருக்க முடியாது என்றார். அந்தச் செய்தியை நம் குழுவில் முதலில் போட்டது நீங்கள். கும்பிடு போடும் கை 3 வைத்திருந்தீர்கள். அன்று யாரும் "இந்த ஜட்ஜ் யாரு?" என்று கேட்கவில்லையே.

என் கதையையும் சொல்கிறேன், இது எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அப்போதுதான் புரியும். 2012இல் எச்-4இல் வந்தேன். சென்னையில் டெஸ்டிங் லீடாக இருந்தவள், 3 வருடம் வீட்டில். கணவர் பெயரில் வங்கிக் கணக்கு, கணவர் பெயரில் கார், கணவர் பெயரில் ஃபோன். 2015 மே மாதம் ரூல் அமலுக்கு வந்தது, கிரீன் கார்டு வரிசையில் இருப்பவர்களின் மனைவி வேலை செய்யலாம் என்று. கவரைப் பிரித்து வேலை அனுமதி அட்டையைக் கையில் எடுத்தபோது சி26 என்று வகை எழுதியிருந்தது. என் படம், என் பெயர். அம்மாவுக்கு வீடியோ காலில் அதை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன்.

2017இல் வந்த ட்ரம்ப்பின் முதல் அரசு, இந்த ரூலை எடுத்துவிடப் போகிறோம் என்று, மாற்றப் போகும் விதிகளின் பட்டியலில் போட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பட்டியல் வரும், நம் ரூலின் பெயரும் அதில் இருக்கும். ஜனாதிபதியின் ஆட்கள் எடுக்க நினைத்தார்கள், மந்திரிகள் நினைத்தார்கள். எடுக்க முடிந்ததா? 4 வருடம் ஆகியும் முடியவில்லை. ஏன் என்றால் 1946இல் போட்ட நிர்வாக நடைமுறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. முறைப்படி வந்த ரூலை எடுக்கவும் அதே முறைதான். வரைவை வெளியிட வேண்டும், பொதுமக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், வந்த கருத்துகளில் முக்கியமானவற்றுக்குப் பதில் எழுத வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிடும். சின்ன வயதில் ஆவணமில்லாமல் கூட்டி வரப்பட்டவர்களை நாடு கடத்தாமல் காக்கும் டாகா திட்டத்தை அரசு எடுக்கப் பார்த்த வழக்கில், 2020இல் அதுதான் நடந்தது. நம் ரூலை நீக்கும் வரைவு 2019இல் வெள்ளை மாளிகையின் பரிசீலனைக்குப் போய், வெளியே வராமலேயே 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த 4 வருடத்தில் நான் வாங்கிய சம்பளமெல்லாம் அந்தப் பழைய சட்டத்தின் தயவில்.

"உனக்குச் சாதகம்னா நல்ல சட்டம், அவ்வளவுதானே?" என்று கேட்பீர்கள். அதே எச்-4 ரூலை எதிர்த்தும் வழக்கு நடந்தது. போட்டவர்கள், எச்-1பி ஆட்களால் தங்கள் வேலை போனது என்று சொன்ன அமெரிக்க ஐடி ஊழியர்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. 2015இல் ஆரம்பித்த வழக்கில் 2024 ஆகஸ்டில்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரூல் செல்லும் என்றது. செல்லாது என்றிருந்தால்? அழுதிருப்பேன், அட்டையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். யார் அந்த ஜட்ஜ் என்று கேட்டிருக்க மாட்டேன். ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை 2015இல் இதே டெக்சஸில் ஒரு மாவட்ட நீதிபதி நிறுத்தினார். பைடனின் கல்விக் கடன் தள்ளுபடி, சுமார் 40,000 கோடி டாலர், 2023இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அந்தக் கையெழுத்துகளும் சட்டம் ஆகவில்லை.

ஒரே ஒரு நீதிபதி நாடு முழுவதற்கும் தடை போடலாமா என்ற கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றமே 2025 ஜூன் 27ஆம் தேதி 6க்கு 3 என்று அதற்குக் கடிவாளம் போட்டுவிட்டது. அதே தீர்ப்பு, பாதிக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்காகப் போடும் வழியை மூடவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஜூலை 10 நடந்தது அதுதான். போகட்டும்.

அப்புறம் அரசு ஊழியர்களைப் பற்றி நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது வார்த்தை. "அந்தக் கிளார்க் கும்பலை மொத்தமா வீட்டுக்கு அனுப்பணும், ஜனாதிபதி சொன்னதைச் செய்யத்தானே சம்பளம்." அப்படித்தான் இந்த நாடு ஒரு காலத்தில் இருந்தது அண்ணா. ஜெயித்தவர் தன் ஆட்களுக்கு வேலையைப் பங்கு வைப்பார், வேலை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் வரிசை நிற்கும். அப்படி நின்றவர்களில் ஒருவன் சார்ல்ஸ் கிட்டோ. நான்தான் ஜெயிக்க வைத்தேன், பாரிஸில் எனக்குத் தூதரகப் பதவி கொடு என்று அலைந்தான். கிடைக்கவில்லை. 1881 ஜூலை 2ஆம் தேதி வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டான். செப்டம்பரில் அவர் இறந்தார். அதன் பிறகுதான் 1883இல் பெண்டில்டன் சட்டம் வந்தது, தேர்வு எழுதி வேலை, கட்சிக்காக வேலையிலிருந்து தூக்கக்கூடாது என்று. ஒரு ஜனாதிபதியின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம் அது. இன்றைக்கும் ஃபெடரல் ஊழியர் சத்தியப் பிரமாணம் எடுப்பது அரசமைப்பின் பேரில். எந்த ஜனாதிபதியின் பேரிலும் இல்லை.

அலுவலகங்கள் தாமதம் செய்வதில்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். 2019இல் என் அட்டை புதுப்பித்து வர 8 மாதம் ஆகி, கையில் இருந்த வேலை போனவள் நான். தினமும் ராத்திரி அந்த ரசீது எண்ணை டைப் செய்து, நிலவரம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். எண் இன்னும் மனப்பாடம். அப்படியும் சொல்கிறேன், ஃபைலை முறைப்படி பார்க்கிற ஆள் அந்த மேசையில் இருக்க வேண்டும். யாருக்கு வேண்டியவள் இவள் என்று பார்க்கிற ஆள் அங்கே வந்து உட்கார்ந்தால், டாலஸில் நமக்கு வேண்டியவர் யார் இருக்கிறார்கள்?

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடிய அபிப்பிராய பேதம்தான். நான் வாய் திறந்தபோது எல்லார் முன்னாலும், "உனக்கு இன்னும் ஓட்டே இல்லையேம்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றீர்கள். 13 வருடமாக இங்கே வரி கட்டுகிற வீடு எங்களுடையது. வரிசையில் நிற்பது எங்கள் குற்றமா? நீங்களும் நின்று வந்தவர்தானே? வாசலைத் தாண்டி உள்ளே போனதும் பின்னால் வருகிறவளிடம் பேசாதே என்று சொல்ல எப்படி அண்ணா மனசு வந்தது?

எனக்காவது பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்று பார்த்தீர்களா? ஒன்பதாம் மாதம். இரண்டு கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். அவளும் அவள் கணவனும் எச்-1பி. டெக்சஸ் அந்த ஆணையை எதிர்த்த வழக்குகளில் சேராத மாநிலம். ஜூன் 27ஆம் தேதி தீர்ப்பு வந்த அன்று ராத்திரி அவள் கணவன் எங்களுக்கு ஃபோன் செய்து, வழக்கில் சேர்ந்த மாநிலமான நியூ ஜெர்சியில் சித்தி வீட்டுக்குப் போய்ப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாமா, இந்த மாதத்தில் விமானத்தில் ஏற்றுவார்களா என்று கேட்டான். "எவனோ ஒரு ஜட்ஜ்" என்று நீங்கள் சொன்னபோது அவள் தேங்காய்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது. வளையல் சத்தமும் நின்றது. நீங்கள் அப்பளம் கேட்டீர்கள்.

எல்லாரும் போன பிறகு பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைக்கு வந்து, "அக்கா, அந்த ஜட்ஜ் பேரு என்ன?" என்று கேட்டாள். சொன்னேன். ஃபோனை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்லி, எழுதி வைத்துக்கொண்டாள்.